ஞாயிற்றுக்கிழமை போட்ட 'ஆம்'

துடியலூர் வீட்டில் சத்தியசீலன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்பிய விமலாராணி, காலண்டர் தாளின் பின்புறம் கணவருக்கு எழுதினாள்:

"ஏனுங்க, தோசை மாவு பிரிட்ஜுல இருக்குது. கேஸ்காரர் வருவாரு, காலி சிலிண்டரை வாசல்ல வெச்சுப்போட்டேன்.

குடியை விடறதுக்குப் போன்ல ஒரு பயிற்சியில சேர்ந்தீங்கல்லங்க, அதுல ஞாயித்துக்கெழமை 'இன்று குடித்தீர்களா?'ங்கறதுக்கு 'ஆம்'னு போட்டிருந்தீங்க. அதைப் பார்த்துத்தான் உங்ககிட்டப் பேசறதை நிறுத்துனேன்."

பேனா நின்றது. சற்றுமுன்தான், சார்ஜில் கிடந்த அவர் போனில் அந்தப் பயிற்சிக்காரர்களின் பதிலைப் பார்த்திருந்தாள்: 'சர்ச்சில் திருவிருந்தில் குடித்த ஒரு வாய் திராட்சரசத்தை இதில் சேர்க்க வேண்டாம், சார்.' சந்தோஷம் வரும் என்று அப்போதும் காத்து நின்றாள், இப்போதும் நின்றாள். வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"திருவிருந்தைத்தான் சொல்லியிருக்கீங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுங்க. குடிச்சீங்கன்னு நெனச்சப்பவும் எனக்கு அழுகை வரலை, இப்பவும் ஒண்ணும் வரலை. சட்னி அடுப்பு மேல இருக்குது. நான் பேசாம இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுச்சான்னு மட்டும் இதுலயே எழுதி வெய்யுங்க."