கிரேன் நின்ற மதியம்

இன்று காலை எர்ணாவூர் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாக ஆலைகளின் அந்த கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியதுமே உன் நினைப்பு வந்துவிட்டது. நீ ராயபுரத்தில் ஏறி, காலடிப்பேட்டையில் ஏறும் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். இன்று நின்றுகொண்டேதான் வந்தேன்.

எண்ணூர் கன்டெய்னர் யார்டின் நெட்வொர்க் அப்போது நம் இருவர் பொறுப்பு. எந்தத் தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்று தகவலைக் கடத்திவிடும் சுவிட்ச் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள்தான் சொல்லும். ஆனால் வழியை மாற்றினால் சுவிட்சுகள் ஒரே நொடியில் மாறிவிடாது. சில முந்தும், சில பிந்தும்.

அன்று கப்பல் காத்திருந்தது. கிரேன்களுக்கான வழியை உடனே மாற்றியாக வேண்டும்.

"மொத்தமா தள்ளி விடும்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார் மேலாளர்.

நீ கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாய்.

"கிரேனுக்குக் கீழ ஆளுங்க நின்னுகினு கீறாங்க சார். பாதி சுவிட்சு பழசு, பாதி புதுசுன்னு கீற நேரத்துல ஆபரேட்டர் ஸ்டாப் அமுக்குனா, அது நடுவுலயே தொலஞ்சி பூடும்."

"கப்பலுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். அந்த ஆளுங்க வூட்டுக்கு நீங்க சொல்வீங்களா?"

நீ திரும்பவும் கீபோர்டில் கை வைத்தாய். பழைய வழிகளைக் கலைக்காமல், புதியவற்றை எல்லா சுவிட்சுகளிலும் பக்கத்திலேயே ஏற்றினாய். எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான், உள்ளே நுழையும் தகவலுக்குப் 'புதுசு' என்று முத்திரை. முத்திரை இருந்தால் முழுக்கப் புது வழி, இல்லையென்றால் முழுக்கப் பழைய வழி.

பாதி ஏறியிருக்கும்போதே கிரேனில் தொங்கிய ஒரு கன்டெய்னர் சாய்ந்தது. ஆபரேட்டர் ஸ்டாப்பை அமுக்கினார். கட்டளை பழைய வழியிலேயே போய்ச் சேர்ந்தது. கிரேன் நின்றது.

கீழே நின்றவன் யார்டிலேயே வேலை பார்க்கும் என் தம்பி. ஷிஃப்ட் மாறி வந்திருந்தான் என்பது நம் இருவருக்குமே பிறகுதான் தெரிந்தது. மறுநாள் அம்மா வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தனுப்பினாள். "இன்னாடி, வேலைய செஞ்சதுக்கு மீனா?" என்று சிரித்தபடியே ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாய்.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன அன்று, கல்லறை வரைக்கும் பெட்டியைச் சுமந்த தம்பி தோளை மாற்றவே இல்லை.

போன வாரம் புது மேலாளரும் வழிகளை உடனே மாற்றச் சொல்லி அவசரப்படுத்தினார். கூட்டத்தில் வாயே திறக்காத நான், "பொறுங்க சார், எல்லா சுவிட்சும் ரெடியாவட்டும்" என்றேன். சொல்லிவிட்டேன்டி. அவர் பொறுத்தார். மாற்றி முடித்த பிறகும் யார்டில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நான் ஜன்னலோரம் போய் நின்று, கிரேன்களுக்குக் கீழே பேசிக்கொண்டே நடந்து போகிறவர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.