பெடல் இல்லாமல் வந்த சைக்கிள்

செப்டம்பர் 13, சனி

சைக்கிள் வந்துவிட்டது. பெடல் வரவில்லை.

விலை கூடிய சைக்கிள்களுக்குப் பெடலைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அவரவர் காலணிக்குத் தக்கபடி. எனக்கு இது தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தவர், ஹாலில் நின்ற சைக்கிளைக் கோயிலைச் சுற்றுவதுபோல ஒரு வலம் வந்தார்.

"பதினெட்டாயிரம் வெள்ளி. பெடல் இல்லையா?"

"அது தனியா வாங்கணும்."

"நான் பிளவுஸ் தைச்சுக் குடுத்துட்டு, கை தனிக் காசும்மான்னு சொன்னா கஸ்டமர் சும்மா விடுவாங்களா?"

பதில் சொன்னால் சண்டை வரும். அவர் விரலால் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக்கா என்றார். கார்பன் என்றேன்.

"இரும்பே கிடையாதா இதுல?"

இரண்டு சக்கரத்தின் நடுவிலும் இருக்கும் வட்டத் தகடுகளைக் காட்டினேன். இப்போதெல்லாம் சைக்கிளுக்கும் காருக்கு இருப்பதுபோல் பிரேக். கைப்பிடியை அழுத்தினால் இரண்டு கட்டைகள் அந்தத் தகட்டைக் கவ்விப் பிடிக்கும்.

"இந்தக் காசுக்கு மூணு கப்சாய் மோட்டர்பைக் வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார்.

"பெயின்ட்ல மட்டும் கை வைக்காதீங்க" என்றேன். அதை அப்படி வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டாம்.

என் ஈ.பி.எஃப். பணம்தான். மகள் படித்து வேலைக்குப் போய்விட்டாள், கடன் கிடையாது. நாற்பத்தேழு வயதில் எனக்கென்று நான் வாங்கிய முதல் பெரிய சாமான் இது. பிறகு ஏன் திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி இருக்கிறது?

செப்டம்பர் 14, ஞாயிறு

நாள் முழுக்க மழை. சைக்கிளும் நானும் ஹாலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெடலை நேற்று வாங்கி மாட்டியாகிவிட்டது. எங்கள் சைக்கிள் குழு ஞாயிறு விடிகாலை கிள்ளானில் கிளம்பும். செம்பனைத் தோட்டங்கள் வழியாகப் பந்திங், அங்கே ஒரு கடையில் ரொட்டி சானாய், பிறகு வீடு. இரண்டு வருடமாகப் பழைய சைக்கிளில் நான் போய்ச் சேரும்போது எல்லாரும் சாப்பிட்டு, காசு கொடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். "மலர் வந்தாச்சு, கிளம்பலாம்" என்பார் குழுத் தலைவர் லோகன். எனக்கென்று எடுத்து வைத்த ஒரு ரொட்டி தட்டில் விறைத்துக் கிடக்கும்.

இன்றும் கடைசிதான். ஆனால் அவர்கள் முதுகு கண்ணிலிருந்து மறையவில்லை. நான் போனபோது இரண்டாவது தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

பதினெட்டாயிரம் வெள்ளிக்கு வெதுவெதுப்பு. தகுமா? "சைக்கிளுக்குக் காசு கட்டியாச்சு, காலுக்கு இனிமேதான் கட்டணும் லா" என்று லோகன் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

வீட்டில் இதைச் சொல்லலாம் என்று வந்தேன். இவர் கேட்கவில்லை. தீபாவளி பிளவுஸ் துணி இடுப்பளவு குவிந்து கிடக்கிறது. இந்த வாரம் என்னிடம் பேசியது மொத்தமே "சாப்பிட்டியா", "கேட்டைப் பூட்டு".

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எனக்கு லீவு கிடைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஆபீசிலிருந்து இறங்கி, கதம்பமும் பொரியும் வாங்கிக்கொண்டு கே.டி.எம். ரயில் ஏறினால் அது இன்றும் தாமதம். வந்து பார்த்தால், இவர் காலையிலேயே பூஜையை முடித்திருந்தார்.

இரண்டு தையல் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு. பின்கட்டில் மழையில் நனையும் என் பழைய சைக்கிளுக்குக்கூட ஒரு பொட்டு, ஒரு முழம் பூ.

ஹாலில் நிற்கும் புதிய சைக்கிளுக்கு ஒன்றுமே இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

ஏன் என்று கேட்கவில்லை. அது சாமான் இல்லை, செலவு என்று சொல்லிவிட்டால்? ஒரு பொட்டு. அவ்வளவுதான். அதற்கென்ன காசா, பணமா?

பொரியைச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

முழங்கை எரிகிறது. இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் கிளம்பும்போதே பிரேக் கத்தியது. புதிய சைக்கிள், போகப் போகச் சரியாகும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பந்திங் நெருங்கும்போது சிவப்பு விளக்கு. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி திரும்புகிறது. அழுத்துறேன் — நிக்கலை. ரெண்டு கையாலயும் அழுத்துறேன், நிக்கவே இல்லை. ஐயோ, அவ்வளவுதான்னு நெனச்சேன். ஹேண்டிலை எப்படி ஒடிச்சேன்னு தெரியலை, ஓரப் புல்லுல போய் விழுந்தேன். லோரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே போய்ட்டான்.

சைக்கிளுக்குக் கீறல்கூட இல்லை. எனக்குத்தான்.

லோகன் காரை வரவழைத்து வீட்டில் விட்டார். இவர் வெந்நீர் வைத்துக் காயத்தைக் கழுவினார். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

அக்டோபர் 6, திங்கள்

சைக்கிளை விற்கப்போவதாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டேன். உயிருக்கு மிஞ்சி ஒன்றுமில்லை.

அக்டோபர் 8, புதன்

பூச்சோங்கிலிருந்து ஒருவர் கேட்கிறார். பதின்மூன்றாயிரத்துக்கு. ஞாயிறு பார்க்க வருவாராம். இவரிடம் சொன்னேன். மெஷின் நின்றது.

"எதுக்கு விக்கிறே?"

"பிரேக் சரியில்லை. உங்களுக்குச் சந்தோஷம்தானே."

"நான் எப்ப சந்தோஷம்னு சொன்னேன்?"

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. யோசித்துப் பார்த்தால், உண்மைதான். சொல்லவில்லை. ஆனால் வேண்டும் என்றும் சொல்லவில்லையே.

அக்டோபர் 11, சனி

கெட்டுப்போன பிரேக்கோடு இன்னொருவர் தலையில் கட்டுவது பாவம். பழுது பார்த்துவிட்டு விற்கலாம் என்று சுபாங்கில் வாங்கிய கடைக்கே எடுத்துப் போனேன். அங்கே சைக்கிள் பார்ப்பவர் அன்சார். தகட்டை வெள்ளைத் தாளால் துடைத்தார். தாள் எண்ணெயாக வந்தது. பிறகு தகட்டில் இருக்கும் சின்னத் துளைகளுக்குள் ஊசியை விட்டு எதையோ நெம்பினார். சிவப்பாக விழுந்தது.

"அக்கா, வீட்டுல பூஜை போட்டீங்களா?"

"இதுக்குப் போடலையே."

"இது குங்குமம்க்கா. சந்தனமும் காஞ்சு போயிருக்கு. அதுக்கு மேல எண்ணெய் பூசியிருக்கு. பிரேக் தட்டுல எண்ணெய் போட்டா எப்படிக்கா நிக்கும்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அன்சார் பாவம், பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கட்டைகளை மாற்றி, தகட்டைச் சுத்தம் செய்து, தெருவில் நானே ஓட்டி நிறுத்திப் பார்க்கும்வரை கூட நின்றார். பிடித்த இடத்தில் நின்றது. "சைக்கிள் நல்ல சைக்கிள்க்கா. அதுமேல குத்தம் இல்லை."

வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் நின்றேன். "பிரேக் தட்டுல பொட்டு வெச்சீங்களா?"

பிள்ளை மாதிரி விழித்தார். "ஆயுத பூஜை இரும்புக்குத்தானே. பெயின்ட்ல கை வைக்காதேன்னு நீ சொல்லிட்டே. அதுல இரும்பு அந்த ரெண்டு தட்டுதான். அங்க வெச்சேன்."

"அப்புறம் ஏன் தொடைச்சீங்க?"

"நீ வந்து சத்தம் போடுவியோன்னு பயம். ஈரச் சந்தனம் பட்டா துருப்பிடிக்கும்ல? தொடைச்சிட்டு மெஷின் எண்ணெய் போட்டு வெச்சேன். எல்லா மெஷினுக்கும் அதானே செய்றேன்."

எண்ணெயால்தான் பிரேக் நிற்கவில்லை என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப அந்த லோரி..." என்றார். கட்டுப் போட்ட என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினெட்டாயிரம் போட்டு வாங்கியிருக்கே, பத்திரமா இருக்கணும்னுதான் மலர் கும்பிட்டேன்."

தெரியும் என்றேன். இப்போது தெரியும்.

சைக்கிளில் பழுதில்லை. நான் ஏமாளி இல்லை. இவருக்குக் கோபமும் இல்லை. பத்து நாளாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துவிட்டார்கள். பூச்சோங்காரருக்குப் போன் போட்டு விற்கவில்லை என்றேன். அவர் திட்டினார். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடைசி பிளவுஸ் இன்று விடிந்த பிறகுதான் வீட்டை விட்டுப் போனது. இவர் புது வேட்டியோடு மெஷின் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

பந்திங். பிரேக் நிற்கிறது. நான் கடைசி. ரொட்டி வெதுவெதுப்பு.

நவம்பர் 2, ஞாயிறு

விடிகாலையில் சைக்கிளை எடுக்கப் போனால் சீட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பை. யாருடைய பட்டுப் பிளவுஸிலோ மிஞ்சிய மெரூன் துணி, உள்ளே கனத்த லைனிங், ஓரத்தில் தங்கக் கலரில் பைப்பிங். திறந்தால் சக்கரத்துக்கு ஒரு மாற்று டியூப், பத்து வெள்ளி, ஓர் எலுமிச்சம்பழம். எழுப்பிக் கேட்டேன். "பெயின்ட்ல படலை, பிரேக்லயும் படலை" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

இன்றும் கடைசிதான், ஆனால் லோகனின் முதுகுக்குப் பின்னாலேயே வந்த கடைசி. மேசையில் எனக்கு ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ரொட்டி கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது. அவசரத்தில் பிய்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.

யாரும் என் பதினெட்டாயிரம் வெள்ளி சைக்கிளைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தார்கள். எங்கே வாங்கியது என்று லோகன் கேட்டுக் கேட்டு, அங்கேயே இவருக்குப் போன் போட்டுவிட்டார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே, எங்களுக்கும் அஞ்சு பை வேணும். எவ்ளோ?"

மெஷின் நிற்கும் சத்தம் கேட்டது.

"ஒரு பை நாப்பது வெள்ளி தம்பி. ஜிப் தனி."