பாதி வெட்டு

ஐப்பசி 3, காலை 06:10
நிலவின் தென்முனை, பனிப்பள்ள நிலையம்

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் வில்வநாதன். வயது ஐம்பத்திரண்டு. தொப்பைக்கும் இடம் விட்டு விண்வெளி உடை தைக்கப்பட்ட ஒரே ஆள். நான் தனியாளாக இருக்கும் இந்தப் பள்ளத்தில் வெயில் விழாது. வெப்பம், காற்று, ரேடியோ எல்லாம் பூமி அனுப்பும் எரிபொருள் கலன்களில் ஓடுகின்றன. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

தொலைவிலுள்ள தலைமைத் தளத்தில் கலன் பங்கீடு தில்லைக்கரசியின் கையில். எதைக் கேட்டாலும் பாதியாக வெட்டுவாள். அதனால் எல்லோரும் இரட்டிப்பாகக் கேட்போம். சமையற்கட்டில் மும்மடங்கு கேட்டு ரகசியமாக வடை சுடுவதாகக் கேள்வி. நான் மட்டும் யோக்கியனா? மிச்சத்தில் எனக்கு வெந்நீர்க் குளியல்.

ஐப்பசி 9, மாலை 17:40

இந்த மாதக் கப்பல் இனி தையில்தானாம். இப்போது போய் இரட்டிப்பாகக் கேட்டால் தளத்தில் யாருக்காவது மூச்சு முட்டும். வாழ்க்கையில் முதன்முறையாக உண்மையைக் கேட்டேன்: தை வரை தாங்க நான்கு கலன்.

ஐப்பசி 12, காலை 08:05

ஆளில்லாச் சறுக்குவண்டி வந்தது. இரண்டு கலன். உடனே தில்லைக்கரசியை ரேடியோவில் பிடித்தேன்.

"நெசமாவே நாலுதாம்மா வேணும்."

"எல்லாருமே இந்தவாட்டி நெசம்னுதான் எழுதியிருக்காங்க, அண்ணே. சமையக்காரர் அடிக்கோடு வேற போட்டிருக்கார்."

"என்னை நம்பக் கூடாதா?"

"போன மாசம் வெந்நீர்ல பாட்டுப் பாடிக்கிட்டே குளிச்சீங்க. ரேடியோவ அணைக்க மறந்துட்டீங்க. தளமே கேட்டுச்சு."

மறுப்பதற்கில்லை. சுருதியும் சேரவில்லை.

கார்த்திகை 20, நேரம் பார்க்கவில்லை

கடைசிக் கலன். சறுக்குவண்டியில் அனுப்பத் தளத்திலும் உபரி இல்லை. என்னை அழைத்துப்போக ஊர்தி வந்து திரும்ப ஆறு கலன் செலவாகும். ஆறு கலன் என்றால் தளத்தில் முப்பது பேருக்கு ஒரு வாரக் காற்று. அவள் இதைச் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் இடத்தில் நானிருந்தாலும் ஊர்தியை அனுப்பமாட்டேன்.

கார்த்திகை, தேதி தெரியவில்லை

வெப்பத்தை நிறுத்திவிட்டேன். மீசையில் பனி. பேனா மையும் உறைந்து உறைந்துதான் எழுதுகிறது. காற்றும் ரேடியோவும் மட்டும். வாயை மூடிக்கொண்டு சாக எனக்கு வராது.

தில்லை கூப்பிட்டாள். "அண்ணே, இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

ஒரு நாள். பாழாய்ப்போன பழக்கம், "ரெண்டு நாள்" என்றேன்.

அவள் மெதுவாக, "அப்ப ஒரு நாள்தானா, அண்ணே?"

முதன்முறையாக எங்கள் இருவர் கணக்கும் ஒத்துப்