கறுக்கும் கண்ணாடியும் கழட்டின கர்ட்டனும்

என்னங்க,

ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். நேத்து பேசாமலே படுத்துட்டோம், இப்ப எழுப்பவும் மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். சாவி உங்க ஷூவுக்குள்ள.

பதினோரு மணிக்கு ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டின ஆள் வருவார். ஓரத்து ஜன்னல் மட்டும் பட்டனை அழுத்தினாலும் கறுக்க மாட்டேங்குது, காட்டுங்க. அப்படியே, "ஸ்மார்ட் கண்ணாடி வந்தாச்சு, கர்ட்டன் எதுக்கு? உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு நேத்து காலைல கழட்டி எறிஞ்சீங்களே, அந்தக் கர்ட்டன் கம்பியையும் திரும்ப மாட்டச் சொல்லுங்க.

முறைக்காதீங்க. மதிய வெயிலுக்கு இந்தக் கண்ணாடி அருமைதான், ஒத்துக்கறேன். பகல்ல வெளிய இருந்து உள்ள ஒண்ணும் தெரியாது, அதுவும் சரி. ஆனா இருட்டினப்புறம் லைட்டைப் போட்டா எல்லாம் தலைகீழ். உள்ள இருக்கிற உங்களுக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி, தெருவுக்கு சினிமா.

நேத்து ராத்திரி ஏழு மணிக்கு வந்தவ வெளி வாசல்லயே நின்னுட்டேன். ஜன்னலைப் பார்த்து மன்னிப்புக் கேட்க ஒத்திகை நடத்திட்டிருந்தீங்க! முதல்ல கும்பிட்டீங்க, அப்புறம் தலையைச் சொறிஞ்சீங்க, கடைசில ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டீங்க. நான் உள்ள வந்ததும் பேப்பரை விரிச்சு முகத்தை மூடிக்கிட்டீங்க.

சரி, மன்னிச்சாச்சு.

பி.கு: எதிர்வீட்டு அக்காவும் பார்த்தாங்களாம். "பாவம்டி, விட்டுடு"ன்னு மெசேஜ் அனுப்பியிருக்காங்க.

இன்னொண்ணு: அந்தக் காதைப் பிடிச்சது ரொம்ப நல்லா இருந்தது. சாயங்காலம் எனக்கு மட்டும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. கர்ட்டனை இழுத்து விட்டுட்டு.