தம்பி காரின் சத்தம்

ஐப்பசி 14, சனி.

இறந்துபோன தம்பியின் கார் இன்று மறுபடி ஓடியது. வேகம் கூட்ட, எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்ற வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆசையையாவது தீர்ப்போம் என்று நான்தான் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பழைய கேம்ஷாஃப்டையே பட்டறையில் வேறு வடிவத்துக்குத் தேய்த்து, அதற்கேற்ற விறைப்பான வால்வு ஸ்பிரிங்குகளும் போட்டார்கள்.

சாயங்காலம் முக்கூடல் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். எஞ்சின் அவன் ஆசைப்பட்டபடியே ரேஸ் கார் மாதிரி திக்கித் திக்கி உறுமியது. முன்பெல்லாம் கார் தெருமுனையில் திரும்பும்போதே, "சின்னவன் வாரான்" என்று அம்மா தோசைக்கல்லை ஏற்றிவிடுவாள். இன்று அடுக்களையை விட்டு வரவேயில்லை. நான் போய்க் கூட்டிவந்தேன்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "ஏலே, இது அவன் வண்டிச் சத்தம் இல்லயே. பழசையே போட்டுரு. எனக்கு அந்தச் சத்தம் போதும்" என்றாள்.

மெக்கானிக் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "தேச்ச இரும்பு திரும்ப வளருமா வே? அந்தக் கேம் இப்ப எங்கனயும் கிடைக்கதும் இல்ல" என்றார்.

அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கே மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அடுக்களையில் கிரைண்டர் ஓடுகிறது. தோசைக்கு மாவு ஆட்டுகிறாள்.