கீழ்வீட்டுச் சம்மதம்

மார்ச் 4

கீழ்வீட்டு அக்காவுக்கு,

வணக்கம். நேற்று நீங்கள் அயர்ந்து தூங்குகிற நேரமாகப் பார்த்து மாடிப்படியில் நாங்கள் போட்ட அமளிக்கு முதலில் மன்னிப்பு. வந்தது ஒரு பழைய பியானோ. ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு அறையை இடிக்கிறார்கள் என்று சும்மா கொடுத்தார்கள். உங்கள் கதவோரச் சுவரில் விழுந்த கீறலை ஞாயிற்றுக்கிழமை நானே பூசித் தருகிறேன்.

நேரில் வந்து பேசலாம் என்றால், நான் விடியற்காலையில் பஸ் எடுக்கக் கிளம்பும்போது நீங்கள் பேக்கரியில் ராத்திரி வேலையில் இருக்கிறீர்கள். நான் திரும்பும்போது தூங்குகிறீர்கள். அதனால் கதவுக்கடியில் கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் வாண்டுக்கு நாலரை வயது. இப்போதே அவளுக்குப் பியானோ வகுப்பு வைக்க வேண்டும் என்று என் மனைவி ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவளோடு வேலை பார்க்கும் நர்ஸின் மகன் நாலு வயதிலேயே தொடங்கினானாம். ஏழு வயது ஆகட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டால், "கீழ்வீட்டம்மா சரின்னா எனக்கும் சரி" என்று நழுவிவிட்டார். ஆக, முடிவு உங்கள் கையில்.

மேல்வீட்டு டிரைவர்

மார்ச் 5

தம்பி,

ரொட்டி சுடுகிறவளிடம் போய்ப் பிள்ளைக்கு எந்த வயதில் பியானோ என்று கேட்கிறீர்களே! வயது உங்கள் பாடு. தூக்கம் என் பாடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தாராளமாக வாசிக்கட்டும். அதற்கு முன்னால் சத்தம் வந்தால் துடைப்பக் கட்டையால் மேலே இடிப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

கீறலை விடுங்கள். அந்தச் சுவரில் கீறல் இல்லாத இடம்தான் பார்க்க அசிங்கமாக இருக்கும்.

கீழ்வீட்டு அக்கா

மார்ச் 20

தம்பி,

ஐந்து மணி என்று நான் எழுதியது உங்கள் வீட்டுக் கடிகாரத்துக்குத் தெரியாதா? தினமும் நாலு மணிக்கே தொடங்கிவிடுகிறது. ஒரு பக்கம் தொம் தொம் என்று ஏதோ படியிறங்குகிறது. இன்னொரு பக்கம் கீச்சு கீச்சென்று அதைத் திட்டுகிறது. பிறகு ரெண்டும் சேர்ந்து ஓடுகின்றன, கூடவே என் தூக்கமும். இந்த வாரம் ஒரு தட்டு பன்னில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். வாங்கிப் போனவர்கள் சும்மா விடுவார்களா?

கீழ்வீட்டு அக்கா

மார்ச் 21

அக்கா,

மன்னியுங்கள். அது வாசிப்பே இல்லை, விளையாட்டு. பள்ளி விட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பியானோ முன்னால் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். தொம் தொம் என்பது யானை. கீச்சு கீச்சு எலி. எலியின் தொப்பி மேல் யானை உட்கார்ந்துவிட்டதாம், அதுதான் சண்டை. இன்று மூடியைப் பூட்டிவிட்டேன். அடுத்த வாரம் டீச்சர் வருகிறார். அப்புறம் எல்லாம் ஒழுங்காக நடக்கும், ஐந்து மணிக்கு மேல்தான்.

டிரைவர் தம்பி

ஏப்ரல் 17

அக்கா,

வாசலில் மாட்டிவிட்டுப் போன பன் கிடைத்தது. எங்களுக்கு வாசனை மட்டும்தான் வந்தது, பாக்கியெல்லாம் வாண்டு வயிற்றில்.

டீச்சர் கண்டிப்பானவர். விரல் வளைந்திருக்க வேண்டும், மணிக்கட்டு தாழக் கூடாது. பரீட்சைக்கு இப்போதிருந்தே தயார் செய்தால்தான் உண்டு என்கிறார். வாண்டுக்கு வகுப்பு நாளாகப் பார்த்து வயிறு வலிக்கிறது. "போகப் போகச் சரியாயிடும்" என்கிறாள் என் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறீர்கள்தானே?

டிரைவர் தம்பி

மே 6

தம்பி,

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வகுப்பை நிறுத்திவிடுங்கள்.

அக்கா

மே 7

கீழ்வீட்டு அம்மாவுக்கு,

சம்மதம் கொடுத்தது நீங்கள்தான். ஐந்து மணிக்கு முன்னால் ஒரு சத்தம் உண்டா? நாற்காலிக் காலுக்கெல்லாம் துணி சுற்றி வைத்திருக்கிறோம். உங்களுக்கு உங்கள் தூக்கம் பெரிது. எங்களுக்கு எங்கள் பிள்ளை பெரிது. ஏழு வயது வரை பொறுப்போம் என்று சொன்னவன்தான் நான். ஆனால் ஆரம்பித்ததை இப்போது நிறுத்த மாட்டேன்.

மேல்வீட்டு டிரைவர்

மே 8

தம்பி,

உங்கள் பதிலை நினைத்துக்கொண்டே ஒரு தட்டு ரொட்டியைக் கருக்கிவிட்டேன். என் தூக்கத்துக்காகவா கேட்டேன்? இந்த ஒரு மாதம் நான் தூங்கிய தூக்கம் வாழ்நாளில் தூங்கியதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வகுப்பு நேரத்தில் நீங்கள் சமையலறையில் இருப்பீர்கள், உங்கள் மனைவி ஆஸ்பத்திரியில். நான் நேர் கீழே இருக்கிறேன். ஒரு கட்டை ஒலிக்கும், டீச்சர் குரல் கேட்கும். அதே கட்டை, மறுபடியும் டீச்சர் குரல். கடைசியில் அழுகை, அதுவும் வாய்விட்டு அழாமல் அடக்கி அழுகிறாள். மற்ற நாட்களில் பியானோவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூடியைத் திறந்து வைத்திருந்தால்கூட அவள் பக்கத்தில் போவதில்லை, இல்லையா? போயிருந்தால் எனக்குக் கேட்டிருக்குமே!

யானை எங்கே தம்பி? எலி எங்கே? வாய் ஓயாமல் திட்டினேன், உண்மைதான். ஆனால் இன்றைக்கு யார் ஜெயிப்பார்கள் என்று படுத்தபடியே காத்துக்கிடந்ததும் நான்தான். கீச்சு கீச்சு ஜெயித்த அன்று தனியாகச் சிரித்திருக்கிறேன்.

பியானோ என்றாலே அந்தக் குழந்தைக்குக் கசந்துபோவதற்குள் விட்டுவிடுங்கள். நாலு மணிக்கே திறந்து விடுங்கள், அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஒருநாள் அவளே வந்து, இதை எப்படி வாசிப்பது என்று கேட்பாள். அன்றைக்கு டீச்சரைத் தேடுங்கள். நாலோ ஏழோ, அதுதான் வயது.

அக்கா

மே 10

அக்கா,

உங்கள் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து படித்தாள். பிறகு நாங்கள் இருவரும் போய் மூடியைத் திறந்துவைத்து, "விளையாடு கண்ணு" என்றோம். வாண்டு எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சர் திட்ட மாட்டாங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கே டீச்சரிடம் சொல்லி வகுப்பை நிறுத்திவிட்டோம்.

நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாளை நாலு மணிக்கு உங்கள் தூக்கம் கெடும் என்று நம்புகிறேன்.

தம்பி

செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

கேளுங்கள் இந்தக் கூத்தை! நேற்று யானையும் இல்லை, எலியும் இல்லை. ஒற்றை விரலால் ஏதோ தேடிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டையைத் தட்டுவாள், அது இல்லை. அடுத்ததைத் தட்டுவாள், அதுவும் இல்லை. கடைசியில் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, துணி காயப்போடுறப்ப கீழ்வீட்டுப் பெரியம்மா சீட்டி அடிப்பாங்கல்ல, அத எப்படிப்பா வாசிக்கிறது? யாராவது சொல்லித் தரணும்ப்பா, எனக்கு வரவே மாட்டேங்குது!"

என் மனைவி சந்தோஷத்தில் வாண்டைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வயது டீச்சர் இருக்கிறார். போய்ச் சொன்னோம். "அந்தப் பாட்டுலயே ஆரம்பிப்போமே, பரீட்சைக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார். சனிக்கிழமை நாலு மணிக்கு முதல் வகுப்பு. ஆனால் வாண்டுக்குத் தெரிந்தது முதல் வரிதான். மீதியையும் ஒருதரம் அடித்துக் காட்டுவீர்களா?

தம்பி

செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் பேக்கரிக்கே கொண்டுபோய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன.

ஆனால் வம்பில் மாட்டிவிட்டீர்களே! மீதி எனக்கும் தெரியாது. எங்கே கேட்டேன் என்பதும் நினைவில்லை. இத்தனை வருஷமும் அந்த ஒரு வரியைத்தான் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சருக்குத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் வாண்டே மீதியைப் போட்டு முடிக்கட்டும். அது எப்படி முடிகிறது என்று எனக்கு ஒருநாளாவது தெரிய வேண்டாமா?

சனிக்கிழமை மூன்றரைக்கே எழுந்து உட்கார்ந்திருப்பேன். ஜன்னலைத் திறந்துவைத்து, நன்றாகச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

வாண்டின் பெரியம்மா