கேட்காமலே திரும்பி வந்த தூக்குச்சட்டி

இன்று காலை எதிர்வீட்டு அக்கா உன் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். தேய்த்த சோப்பு வாசம்கூடப் போகவில்லை.

"இந்தாங்க தம்பி. மறந்தே போச்சு, எங்க வீட்டுலயே கெடந்துச்சு."

மறக்கவில்லை என்று உனக்கும் தெரியும். போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளிக்கு நீ அதிரசம் வைத்துக் கொடுத்தது. மூன்று தடவை கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து சிரித்தாய். "நகைய இரவல் குடுத்தா மறுநாளே வந்துரும்ங்க. சட்டியக் குடுத்தா, அது அவுக வீட்டு மருமகளாயிரும். பொறந்த வீட்டுப் பேர நெத்தியில வெட்டி அனுப்புனாலும் திரும்பாது."

இந்த வாரம் நான்கு மருமகள்கள் திரும்பிவிட்டார்கள். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தொடங்கியது. நான் யாரையும் கேட்கவில்லை. செத்தவள் பேர் வெட்டிய பாத்திரம் அடுப்படியில் இருக்கக் கூடாதாம். உயிரோடு நின்று நீ கேட்டபோது அசையாதவர்கள், உன் பேருக்குப் பயந்து ஓடிவருகிறார்கள். அதுவும் வெறுஞ்சட்டியாக. நீ யாருக்குத் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு பிடி சீனியாவது போடாமல் கொடுத்ததில்லை.

காரியத்துக்கு வந்து தங்கியிருக்கும் என் பெரியம்மா சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏப்பா, புதுசாத்தானே இருக்கு. ஒன் பட்டறையில மெசினு இருக்குல்ல, பேர மட்டும் தேச்சு எடுத்துரு. நாளைக்கு வர்றவளுக்கு ஆகும்."

"யாரு வர்றா?"

"வராமயா இருப்பா? ஒனக்கென்ன வயசாயிருச்சு?"

நீ போய் இருபது நாள்தான் ஆகிறது. வெட்டெழுத்தை விரலால் தடவினேன். அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை. பாலிஷ் போடும் பஃபிங் வீலில் வைத்தால் இரண்டு நிமிட வேலை. எனக்கு அது தெரியும் என்பதுதான் என்னை அதிகம் எரித்தது.

சட்டியோடு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, வெறுஞ்சட்டியாக் குடுத்துட்டீகளே. அவ கோவிச்சுக்குவா."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு பிடி சீனிக்குப் போனேன். அரைக் கிலோவைக் கொட்டினார்கள்.

நீ இருந்திருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாய். திரும்பி வந்தேன், சொல்ல ஆளில்லை. அவர்கள் மேல் இருக்கும் கோபத்தைவிட உன் மேல்தான் அதிகம். ஊரை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, பாதியில் போய்விட்டாய்.

சீனியை டப்பாவில் கொட்டிவிட்டேன். நாளை முதல் பட்டறைக்கு இந்தச் சட்டியில்தான் சோறு. பேர் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு தெருவோடு நடப்பேன். பஃபிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தே சாப்பிடுவேன்.